வெள்ளை அங்கியும் கறுப்பு அங்கியும்: ஷிப்பூரிலிருந்து தஞ்சை வரை

ஹவுராவின் ஷிப்பூரில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், தாவரவியல் பூங்காவை அடுத்து ஒரு பொறியியல் கல்வி நிறுவனம் இருக்கிறது. அதன் வளாகத்துக்குள் ஒரு கிறிஸ்தவக் கல்லறை உண்டு. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் ரெவரெண்டு கிருஷ்ண மோகன் பானர்ஜி. 1813இல் குலீன பிராமணக் குடும்பத்தில் பிறந்து, டிரோசியோவின் வட்டத்தில் வளர்ந்து, 1832இல் அலெக்சாண்டர் டஃப்பின் கையால் திருமுழுக்குப் பெற்று, பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவானவர் அவர். 1885இல் மறைந்தபோது அவரை இங்கே கொண்டுவந்தமைக்குக் காரணம் உண்டு. அந்த வளாகம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வரை பிஷப் கல்லூரியாக இருந்தது. 1852 முதல் 1868 வரை அவர் அங்கே பேராசிரியராக இருந்தார்.

கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் தாமஸ் ஃபான்ஷா மிடில்டன் 1820 டிசம்பரில் அக்கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். கிழக்கு நாடுகளுக்கான குருக்களையும் உபதேசிமார்களையும் உருவாக்குவது அதன் நோக்கம். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இந்தியரும் ஒரே கூரையின்கீழ் இறையியல் கற்க வேண்டும் என்று திட்டமிடப்பட்ட இடம் அது. 1880இல் கல்லூரி கல்கத்தா நகருக்குள் இடம்பெயர, கட்டடங்கள் அரசின் பொறியியல் கல்லூரிக்குச் சென்றன. கிறிஸ்தவ ஒருமைப்பாடு பற்றிப் பேசும் எவரும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களுள் ஷிப்பூரும் ஒன்று. அங்கே ஒருமைப்பாடு எந்த இடத்தில் உடைந்தது என்பது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அது உடைந்த இடம் எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இல்லை. ஓர் அங்கியின் நிறத்தில் உடைந்தது.

1843 பிப்ரவரி 9 அன்று திருமுழுக்குப் பெற்ற மைக்கேல் மதுசூதன் தத், 1844இன் இறுதியில் பிஷப் கல்லூரியில் சேர்ந்தார். ஐரோப்பிய மாணவர்கள் கறுப்பு நீளங்கி அணிந்தனர். இந்திய மாணவராகிய மதுசூதன் வெள்ளை அங்கி அணிய வேண்டும் என்று கல்லூரி சொன்னது. கல்லூரிக்குரிய உடையை அணிவேன், அன்றேல் என் நாட்டு உடையை அணிவேன், மூன்றாவதாக ஒன்று எனக்கு வேண்டாம் என்பதே அவர் மறுமொழி என்று கிருஷ்ண மோகன் பானர்ஜியின் நினைவுக் குறிப்பைக் கொண்டு சரிதையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மறுப்போடு நில்லாமல் பகட்டான இந்திய உடையில் அவர் வந்து நின்றதும், கல்லூரி தன் விதியைத் தளர்த்த நேர்ந்ததும் அதே பதிவில் உண்டு. 1847இன் இறுதியில் அவர் கல்கத்தாவை விட்டு மதராசுக்குக் கப்பல் ஏறினார். கறுப்பர் நகரத்தில் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1849இல் அவருடைய முதல் ஆங்கிலக் காவியம் மதராசில்தான் அச்சேறியது.

ஒரே திருமுழுக்கு, ஒரே வேதம், ஒரே சிற்றாலயம், ஒரே பாடத்திட்டம். எனினும் இரண்டு அங்கிகள். கோட்பாட்டில் ஒருவரோடு ஒருவர் முரண்படாத இரு விசுவாசிகளுக்கு இடையில் ஓடிய கோடு இது. திருச்சபை ஒருமைப்பாட்டு வரலாற்றை எழுதுவோர் இந்தக் கோட்டை அவ்வரலாற்றுக்குள் சேர்ப்பதில்லை. அங்கிக் கதை வங்க இலக்கிய வரலாற்றில் ஒரு கவிஞனின் அகந்தையைக் காட்டும் சுவையான துணுக்காக நின்றுவிட்டது. ஒருமைப்பாட்டு வரலாறு வேறிடத்தில், வேறு ஆண்டுகளைக் கொண்டு எழுதப்படுகிறது.

அந்த ஆண்டுகள் அனைவரும் அறிந்தவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையார் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் ஆறு சபைகள் இணைந்து வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. பேராயர் ஆட்சி உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றாக இணைந்தது உலகத் திருச்சபை வரலாற்றில் அரிய செயல். அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. குருத்துவம், திருமுழுக்கு, ஆட்சிமுறை ஆகியவற்றில் நூற்றாண்டுகளாக நின்ற வேறுபாடுகளைப் பல்லாண்டுப் பேச்சுவார்த்தையால் கடந்தார்கள். மறுக்கப்பட வேண்டியது அந்தச் சாதனை அன்று. அதன்மேல் கட்டப்பட்ட முடிவு. அரசியல் சட்டம் போன்ற ஓர் அமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டதோடு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிளவு பெரும்பாலும் தீர்ந்தது, எஞ்சியிருப்பது ரோமைக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இடையிலான உரையாடல் மட்டுமே என்ற முடிவு அது. ஒருமைப்பாட்டு வாரங்களின் உரைகளும் இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டங்களும் இந்த முடிவைத்தான் ஆண்டுதோறும் திரும்பச் சொல்கின்றன.

இம்முடிவு தவறு என்பதற்கான முதல் சான்று தமிழகத்தில் இருக்கிறது. ஆனால் அதன் தொடக்கப் புள்ளி கல்கத்தா.

1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷன் சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் அனுப்பினார். அன்று அவருடைய ஆட்சிப்பரப்பு தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் உள்ளடக்கியது. சபைக்குள் சாதி வேறுபாடு தீர்மானமாக, உடனே, மீளாதபடி கைவிடப்பட வேண்டும் என்பது அம்மடலின் சாரம். அதுவரை நிலவியது வேறு. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் காலத்திலிருந்தே ஒரே ஆலயத்தில் வெள்ளாளர் ஒரு புறமும் பறையர் மறு புறமும் அமர்ந்தனர்; திருவிருந்தில் முன்பின் வரிசை இருந்தது. வில்சனுக்கு முன்பிருந்த பேராயர் ரெஜினால்டு ஹீபர் இதைச் சமூகப் பழக்கமாகக் கருதி மென்மையாகவே அணுகினார். 1826இல் திருச்சிராப்பள்ளியில் அவர் திடீரென மறைந்தபின் கேள்வி தீராமல் நின்றது. வில்சன் அதைத் தீர்க்க முற்பட்டார்.

விளைவு, பிளவு. வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஏற்கெனவே புதிய மிஷனரிமார்களின் மாற்றங்களை எதிர்த்து எழுதிவந்தவர். சுவார்ட்சின் கையால் வளர்ந்த அப்பெரும் புலவர், சாதியாசாரம் விசுவாசத்தைக் கெடுக்காத உலகியல் ஒழுங்கு என்று வாதிட்டார். 1835இல் வில்சன் நேரில் தஞ்சைக்கு வந்தும் முழு இணக்கம் ஏற்படவில்லை. 1850இல் மதராஸ் மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் உடன்படவில்லை. ஆங்கிலிக்க சபையில் சாதி ஒழுங்கை இழந்தவர்களுள் ஒரு பகுதியினர் அந்த லுத்தரன் சபையை நாடிச் சென்றனர்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் ஆங்கிலிக்க சபையை விட்டு லுத்தரன் சபைக்குப் போகிறார். சபைப் பதிவேட்டில் இது சபை மாற்றம். ஒருமைப்பாட்டு வரலாற்றில் இது இரு சபைகளுக்கிடையிலான பிளவின் ஒரு துளி. ஆனால் அவர் போனது ஆக்ஸ்பர்க் அறிக்கையின்மேல் கொண்ட பற்றினாலா? திருவிருந்தில் கிறிஸ்துவின் பிரசன்னம் குறித்த லுத்தரின் கோட்பாட்டினாலா? கிண்ணத்தில் தனக்கு முன் வாய் வைத்தவர் யார் என்பதனால் போனார். தமிழகத்தில் சபைப் பிரிவு என்று எண்ணப்படுவதன் ஒரு பகுதி சாதிப் பிரிவின் வேறு பெயரே. இவ்விரண்டையும் தனித்தனி அலமாரிகளில் வைக்கும் ஆய்வு, நோயை ஓரிடத்திலும் அதன் தழும்பை வேறிடத்திலும் பதிவு செய்கிறது.

இதற்கு இரு தரப்பு மறுப்புகள் உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன.

முதல் மறுப்பு திருச்சபைத் தரப்பினுடையது. சாதி இந்து சமூகத்தின் எச்சம். கிறிஸ்தவம் அதை ஒழிக்க வந்தது. முழுதும் ஒழிக்க இயலாமற் போனது காலத்தின் குறை என்பது அது. ஷிப்பூர் அங்கி இந்த வாதத்தைத் தகர்க்கிறது. கறுப்பு அங்கிக்கும் வெள்ளை அங்கிக்கும் இடையிலான கோட்டை வரைந்தவர்கள் மனுதர்மம் படித்தவர்கள் அல்லர். இங்கிலாந்திலிருந்து வந்த திருச்சபையினர். தஞ்சை வெள்ளாளரைச் சாதியைக் கைவிடுமாறு பணித்த பேராயரின் ஆட்சிக்காலத்திலேயே, அவர் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலேயே, நிறத்தின்படி அங்கி வழங்க முற்பட்ட கல்லூரி நடந்தது. வில்சனின் மடல் உள்ளடக்கத்தில் முற்றிலும் சரி. ஐயமில்லை. எனினும் தன் வீட்டுப் பந்தியைச் சீர்செய்யாதவன் அண்டை வீட்டுப் பந்தியில் எழுந்து நின்று நியாயம் பேசினால், அநியாயக்காரனுக்கு அதுவே கேடயமாகிவிடும். துரைமார்களுக்குள் மேல்கீழ் இல்லையா என்ற கேள்வியைச் சாதியைக் காக்க நினைத்தவர்கள் கையிலெடுத்தார்கள். அக்கேள்வி சாதியை நியாயப்படுத்தாது. ஆனால் அதற்குத் துரைமார்களிடம் விடையும் இல்லை.

இரண்டாம் மறுப்பு கல்விப்புலத்தினுடையது. அங்கி வேறுபாட்டில் பண்பாட்டு மரியாதை இருந்தது. இந்திய மாணவரை ஐரோப்பியராக மாற்றிவிடக் கூடாது என்ற அக்கறை இருந்தது. அதேபோல வில்சனின் சாதி மறுப்பில்தான் உண்மையான காலனிய ஆணவம் இருந்தது. வேதநாயகம் சாஸ்திரியார் உள்ளூர் மரபின் குரல் என்பது அது. இன்று கருத்தரங்குகளில் இவ்வாதத்துக்கு மவுசு அதிகம். அதன் முதற்பாதிக்கு மதுசூதனே விடை சொல்லிவிட்டார். பண்பாட்டு மரியாதை என்றால் நாட்டு உடையை அனுமதிக்க வேண்டும். அவர் அதைத்தான் ஒரு தெரிவாக முன்வைத்தார். கல்லூரி முதலில் கேட்டது நாட்டு உடையையும் அன்று, கல்லூரி உடையையும் அன்று; இன்னார் இன்னார் என்று தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் மூன்றாவது உடையை. அணிபவனின் விருப்பம் கேட்கப்படாத இடத்தில் மரியாதை என்ற சொல்லுக்கு வேலையில்லை.

இரண்டாம் பாதிக்கு விடை இன்னும் எளிது. தஞ்சைச் சபையில் உள்ளூர் மரபின் குரல் ஒன்று மட்டும் இல்லை. பின்வரிசையில் தரையில் அமர்ந்தவரும் உள்ளூர்க்காரர்தான், தமிழர்தான், சுவார்ட்சின் சபையார்தான். சாஸ்திரியாரின் புலமையும் ஏடும் அவரிடம் இல்லாததால் அவர் குரல் ஆவணக் காப்பகத்தில் இல்லை. ஆவணத்தில் இருக்கும் குரலை மட்டும் மண்ணின் குரலாக ஏற்பது ஆய்வு நேர்மை ஆகாது. அது முன்வரிசைக்காரரின் இருக்கையை இன்னொரு முறை உறுதி செய்வதாகும்.

ஆக, முதல் மறுப்பு நிறத்தின் கோட்டை மறைக்கிறது. இரண்டாம் மறுப்பு சாதியின் கோட்டை மறைக்கிறது. ஷிப்பூரையும் தஞ்சையையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதுதான் இரண்டும் ஒரே பாவத்தின் இரு வடிவங்கள் என்பது விளங்கும்: ஒரே விசுவாசத்தைச் சார்ந்த மற்றவனைத் தனக்குச் சமமாகத் தன் அருகில் காணப் பொறாமை.

மாற்று வழியே இல்லாத காலம் அது என்றும் சொல்வதற்கில்லை. ஷிப்பூரிலிருந்து அதே மேற்குக் கரையில் வடக்கே சென்றால் சேராம்பூர். டேனியர் ஆட்சியிலிருந்த அவ்வூரில் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோரின் பாப்திஸ்து மிஷன் 1800இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் தச்சராகிய கிருஷ்ண பால் திருமுழுக்குப் பெற்றார். 1803இல் அவர் மகளை, பிராமணக் குலத்திலிருந்து வந்த கிருஷ்ண பிரசாத் மணந்தார். அதே ஆண்டில் கோகுல் என்ற விசுவாசி இறந்தார். இறந்தவர் உடலை யார் தொடுவது, யார் சுமப்பது என்பது வங்கத்தில் சாதி தீர்மானிக்கும் கேள்வி. அந்தப் பெட்டியை நால்வர் சுமந்தனர்: மார்ஷ்மன், கேரியின் மகன் பெலிக்ஸ், பிராமணராயிருந்து கிறிஸ்தவரான பைரவ், இஸ்லாமியராயிருந்து கிறிஸ்தவரான பீரு. வில்சனின் மடலுக்கு முப்பது ஆண்டுகள் முன்பு, அங்கிச் சண்டைக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு நடந்தது இது. மடலும் மாநாடும் ஏதுமின்றி, நான்கு தோள்கள் ஒரு பெட்டியின்கீழ் சேர்ந்தன. ஒருமைப்பாடு என்ற சொல்லுக்கு இந்திய மண்ணில் கிடைத்த மிகச் சுருக்கமான விளக்கம் அதுதான்.

சேராம்பூரைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. திருவிருந்துப் பந்தியில் பாப்திஸ்து அல்லாதாரைச் சேர்க்கலாமா என்பதில் அவர்களே தடுமாறினர். சொத்தும் அதிகாரமும் பற்றிய சச்சரவில் இளைய மிஷனரிகள் பிரிந்து கல்கத்தாவில் தனி மிஷன் நடத்தினர். 1827இல் சேராம்பூர் தன் தாய்ச் சங்கத்தோடே உறவை முறித்துக்கொண்டது. கோகுலின் பெட்டியைச் சுமந்த தோள்கள் ஒரு கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்து சுமக்க இயலவில்லை. இதே கேரிதான் 1806இல், எல்லாச் சபைகளின் மிஷனரிகளும் 1810இல் நன்னம்பிக்கை முனையில் கூடலாம் என்று முன்மொழிந்தவர். இங்கிலாந்திலிருந்த அவர் நண்பர் ஆண்ட்ரூ ஃபுல்லர் அதை இனிய கனவு என்று ஒதுக்கிவிட்டார். சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது.

1910இன் அந்த மாநாட்டில் பேசிய தமிழர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அந்த அவையில் அவர் எழுப்பிய கேள்வி சபைகளின் இணைப்புத் திட்டம் பற்றியதன்று. மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே அன்பு இல்லை, உறவு எசமானுக்கும் வேலையாளுக்கும் உரியதாக இருக்கிறது என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். பணமும் தியாகமும் போதும், நட்பு வேண்டும் என்று முடித்தார். அவையில் பலர் முகம் சுளித்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று, அவரே முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராக அபிஷேகம் பெற்றார். நடந்த இடம் கல்கத்தாவின் புனித பவுல் பேராலயம். டேனியல் வில்சன் கட்டிய ஆலயம். மதுசூதன் மதராசுக்குப் புறப்பட்ட அதே 1847இல் அர்ப்பணம் செய்யப்பட்டது அது.

அசரியாவின் வாழ்க்கையில் ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையை வரலாற்றாசிரியர்கள் தலைகீழாக்கிவிட்டனர். முதலில் 1910, நட்பு பற்றிய கேள்வி. அதன்பின் 1919, தரங்கம்பாடியில் சபை இணைப்புக்கான அறிக்கை. அவருக்குச் சபை இணைப்பு என்பது அந்த முதற் கேள்விக்கு விடை தேடும் பயணத்தின் ஒரு கட்டம். பின்வந்தோர் 1919ஐ எடுத்துக்கொண்டனர். அதன்மேல் 1947ஐயும் 1970ஐயும் கட்டினர். 1910 மேற்கோளாகச் சுவரில் தொங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபை பிறப்பதைக் காணாமல் 1945இன் முதல் நாளில் அவர் மறைந்தார்.

1910இன் கேள்வி விடை பெறவில்லை என்பதற்குத் தமிழகத்துக் கல்லறைகள் சாட்சி. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவரின் குழிகளைப் பிரித்து நின்ற சுவர் பல்லாண்டுப் போராட்டத்துக்கு இலக்கானது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம், சாதிக்கு ஒரு புறமாக இரு கிளை விரித்து, நடுவே தடுப்போடு எழுந்தது. 1910இல்தான் தடுப்பு இடிக்கப்பட்டது. எடின்பரோவில் அசரியா நட்பு கேட்ட அதே ஆண்டு. விழுப்புரம் மாவட்டமாக அப்போதிருந்த பகுதியில், எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் 2008 மார்ச்சில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். மோதிய இரு தரப்பும் ஒரே மறைமாவட்டம், ஒரே திருப்பலி, ஒரே திருத்தந்தை. ரோமையோடு முழு ஒன்றிப்பில் இருந்த ஊர் அது. கோட்பாட்டு ஒன்றிப்பு பந்தி ஒன்றிப்பைத் தானாகக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவோருக்கு எறையூர் ஒன்றே போதும்.

சீர்திருத்தச் சபையார் இதைக் கத்தோலிக்கச் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாகாது. பேராயர் தேர்தல்களில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணப்படுவதையும், மணமகன் தேவை விளம்பரங்களில் சபைப் பெயருக்கு அடுத்ததாகச் சாதிப் பெயர் அச்சாவதையும் அறியாதவர் தமிழ்க் கிறிஸ்தவரில் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது ஆங்கிலிக்க மரபா, சபைக் கூட்ட மரபா என்று யாரும் கேட்பதில்லை. சபை எல்லையை எளிதாகத் தாண்டுகிறார்கள். தாண்டாத எல்லை எதுவென்று எல்லாருக்கும் தெரியும். அப்படியாயின் உண்மையான சபைப் பிரிவு எது?

இங்கே மிக வலுவான மறுப்பு ஒன்று எழும். இன்றைய இந்தியாவில் கிறிஸ்தவர்கள் நெருக்கடியில் இருக்கிறார்கள்; இந்நேரத்தில் உள்வீட்டுக் குறையை ஊரறியச் சொல்வது எதிரிக்கு வாள் கொடுப்பது; முதலில் ஒன்றாக நிற்போம், பின்னர் பேசிக்கொள்வோம் என்பது. அச்சம் உண்மையானது, எள்ளி நகையாடத் தக்கதன்று. ஆனால் இந்த அறிவுரையின் விலையைச் செலுத்துவது யார் என்று கேட்க வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. அவர்களைச் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. எதிர்ப்போர் திரும்பத் திரும்பச் சொல்லும் வாதம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே. ஒருமைப்பாட்டு மேடைகளில் பெருமையோடு சொல்லப்படும் அதே வாக்கியம். திருச்சபையின் பெருமிதமும் உரிமை மறுப்பவரின் வாதமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகின்றன. நடுவில் நசுங்குபவர் தலித் கிறிஸ்தவர். எதிரிக்கு வாள் கொடுப்பது உண்மையைச் சொல்வது அன்று; மூடி வைப்பதே.

மேலும், பிளவைப் பேசுவது பிளவை உண்டாக்கும் என்ற கருத்துக்கு வேதத்தில் இடமில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்டுவந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அதைத் தனியே அழைத்துப் பேசித் தீர்க்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேராகக் கடிந்தார். அதைத் தாமே கலாத்தியருக்கு எழுதியும் வைத்தார். யூதர் கிரேக்கர் வேறுபாடு கிறிஸ்துவில் இல்லை என்று எல்லா ஒருமைப்பாட்டுக் கூட்டத்திலும் வாசிக்கப்படும் பகுதி அதே நிருபத்தில் அதை அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. முதலில் பந்திச் சண்டை, பிறகு ஒருமைப்பாட்டு முழக்கம். கொரிந்து சபையிலும் அவ்வாறே. செல்வர் முந்தி உண்டு நிறைய, ஏழை பசித்திருக்கும் கூட்டத்தில் நடப்பது கர்த்தருடைய பந்தியே அன்று என்பது பவுலின் தீர்ப்பு. சமமின்மை அங்கே ஒரு சமூகக் குறையாகப் பின்னிணைப்பில் வரவில்லை. திருவிருந்தின் செல்லுபடியையே தீர்மானிக்கிறது.

உலகத் திருச்சபைகள் இதை அறியாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்துக்கான வழிபாட்டு வரைவை இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தயாரித்தது. மீகாவின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, தலித்துகளின் நீதியை விட்டுவிட்டு இந்தியாவில் ஒன்றிப்பைப் பேச இயலாது என்பதை அது முன்வைத்தது. உலகெங்கும் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் அந்த வரைவைக் கொண்டு மன்றாடினர். மாணவர்கள் எழுதிய அந்த ஏட்டை இந்தியத் திருச்சபை தன் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகவில்லை என்பதே குறை.

ஆகவே ஒருமைப்பாட்டுக்கு வேறோர் அளவுகோல் வேண்டும். எத்தனை சபைகள் கையொப்பமிட்டன என்பது அளவுகோல் ஆகாது. நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்: உடை, பந்தி, மணம், குழி. யார் எந்த அங்கி அணியலாம் என்று யார் தீர்மானிக்கிறார்? கிண்ணம் எந்த வரிசையில் செல்கிறது? யார் மகளை யார் மணக்கலாம்? யாரை எங்கே புதைக்கலாம்? இந்நான்குக்கும் ஒரு மறைமாவட்டம் தன் பதிவேடுகளைக் கொண்டு வெளிப்படையாக விடை சொல்லட்டும். கல்லறைப் பதிவேடும் திருமணப் பதிவேடும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு எந்த இறையியல் ஆணையமும் தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் கிறிஸ்தவ ஆய்வுத் துறைகளும் ஒருமைப்பாட்டியலை ஒரு தாளாகவும் தலித் இறையியலை வேறொரு விருப்பத் தாளாகவும் வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிடட்டும். வில்சனின் மடலைப் படிக்காமல் 1947ஐயும், ஷிப்பூர் அங்கியை அறியாமல் வில்சனின் மடலையும் விளங்கிக்கொள்ள இயலாது.

மதுசூதனின் கதை அங்கியோடு முடியவில்லை. 1873 ஜூன் 29 அன்று, மனைவி ஹென்ரியெட்டா இறந்த மூன்றாம் நாள், அவர் கல்கத்தா மருத்துவமனையில் வறுமையில் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆரவாரத்தோடு அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த திருச்சபை, அவரை அடக்கம் செய்யத் தயங்கியது. எந்தச் சபைக்குரியவர், எந்த அளவுக்குக் கிறிஸ்தவர் என்ற ஐயங்கள் எழுந்தன. உடல் காத்துக் கிடந்தது. இறுதியில் ஆங்கிலிக்கக் குரு ஒருவர் பொறுப்பை ஏற்றுக்கொள்ள, கீழ்ச் சர்க்குலர் சாலைக் கல்லறையில் அவர் அடக்கமானார். வாழும்போது எந்த அங்கி என்று கேட்டது, இறந்தபின் எந்தக் குழி என்று கேட்டது.

அந்த அங்கிச் சண்டையை நினைவிற்கொண்டு பின்வந்தோருக்குச் சொன்ன கிருஷ்ண மோகன் பானர்ஜி, ஆற்றின் இந்தப் பக்கம், ஷிப்பூரில் இருக்கிறார். 1868இல் அமைந்த வங்கக் கிறிஸ்தவர் சங்கத்தின் முதல் தலைவர் அவர். மிஷன்களின் நிழலிலிருந்து விலகி இந்தியக் கிறிஸ்தவர் தம் காலில் நிற்க வேண்டும் என்று நினைத்தவர்களுள் ஒருவர். கல்லூரி போய்விட்டது; சிற்றாலயத்தில் அங்கி அணிந்து வரிசையாக நின்ற மாணவர் போய்விட்டனர். பொறியியல் மாணவர்கள் அவ்வழியே வகுப்புக்குப் போகிறார்கள். ஒருமைப்பாட்டு வாரம் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது. அதன் முதல் நாள் மன்றாட்டை, பேராலயத்தின் பலிபீடத்துக்கு முன் தொடங்காமல், அந்தந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர் இருந்த இடத்தில், அல்லது இன்றும் இருக்கும் இடத்தில் தொடங்கினால், எதற்காக மன்றாட வேண்டும் என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.